நடை, அடி, கட்டு

நடப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அநேகம். கால்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் கொஞ்சம். வானம், தனிமை, சுதந்திரம், சாயங்காலம் சத்திரத்தில் கிடைக்கப்போகிற சாப்பாடு – பக்கங்களை நிரப்புபவை இவைதாம். 1822-ல் ஹாஸ்லிட் எழுதிய கட்டுரையும் 1876-ல் ஸ்டீவன்ஸன் எழுதிய கட்டுரையும் இந்த வகைக்கு மூலபாடங்கள். ஹாஸ்லிட்டுக்கு நடக்கும்போது துணை கூடாது. ஸ்டீவன்ஸனும் இதை ஆமோதிக்கிறார். அளவுக்கு மீறி மைல்களை விழுங்கிவிட்டு, புத்தி மந்தித்துப்போய்ச் சத்திரத்தில் வந்து விழுகிறவனைக் கண்டால் ஸ்டீவன்ஸனுக்கு இளக்காரம். இருவருக்கும் நடை ஒரு விடுதலை. வேலையிலிருந்து, உறவுகளிலிருந்து, தன் பெயரிலிருந்தே கூட.

இந்த விடுதலைப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. அழகான பேச்சுதான். ஆனால் இரண்டு நாளில் வீடு திரும்பிவிடுகிறவனின் பேச்சு. வாரக்கணக்கில் நடக்கிறவன் நிலைமை வேறு. இன்றைக்கு இருபது மைல் என்றால் மழை பெய்தாலும் இருபது மைல். குதிகாலில் கொப்புளம் உடைந்தாலும் இருபது மைல். விடுதலை பெற்றவன் யாரும் தன்னை இப்படி வாட்டிக்கொள்ள மாட்டான். ஸ்டீவன்ஸனே 1878-ல் பிரான்ஸின் செவென் மலைகளில் ஒரு கழுதையோடு பன்னிரண்டு நாள் நடந்தபோது அவருடைய எழுத்து மாறிவிடுகிறது. கழுதையின் விலை 65 ஃபிராங்க், கூட ஒரு கிளாஸ் பிராந்தி. கடைசியில் அதை விற்றது 35 ஃபிராங்குக்கு. வழியெல்லாம் மூட்டை சரிகிறது. இறக்கி மறுபடி கட்டவேண்டியிருக்கிறது. கட்டுரையில் இல்லாத உயிர் இந்தப் புத்தகத்தில் இருப்பதற்கு இந்தக் கயிறும் கணக்கும் காரணம் என்று நினைக்கிறேன்.

டி க்வின்ஸி ஒருவர் வொர்ட்ஸ்வொர்த்தின் கால்களைப் பார்த்தார். லட்சணமில்லாத கால்கள் என்று தயங்காமல் எழுதினார். அந்தக் கால்கள் அதுவரை 1,75,000 மைலிலிருந்து 1,80,000 மைல் வரை நடந்திருக்கும் என்று கணக்கும் போட்டார். கவிஞரைப் பற்றி எழுதும் இடத்தில் மைல் கணக்கு எதற்கு என்று ரசிக சிகாமணிகள் முகம் சுளிக்கலாம். நான் வங்கியில் குமாஸ்தா. கணக்கைக் கண்டு எனக்கு முகம் சுளிக்காது. வொர்ட்ஸ்வொர்த் பல கவிதைகளை நடந்துகொண்டே வாய்க்குள் சொல்லிச் சொல்லிச் செய்தவர். அந்த மைல்களை அவர் கவிதைக்கு வெளியே நிறுத்த முடியாது.

நெடுந்தூரம் நடப்பதைச் சொந்த விருப்பமாகவும் தனக்குத்தானே விடுத்துக்கொண்ட சவாலாகவும் ஒருவர் கொள்வதை நெடுநடை என்று வைத்துக்கொள்வோம். யோசித்தால் விநோதமான காரியம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவருக்கு முருகன் இருக்கிறான், நேர்த்தி இருக்கிறது. 1974-ல் ஜெர்மன் டைரக்டர் வெர்னர் ஹெர்ஸாக் மியூனிக்கிலிருந்து பாரிஸுக்கு நடந்தாரே, அவருக்கும் ஒரு நேர்த்தி இருந்தது. சினிமா விமர்சகர் லாட்டே ஐஸ்னர் பாரிஸில் சாகக் கிடந்தார். தான் கால்நடையாகப் போய்ச் சேர்ந்தால் அவர் பிழைத்துவிடுவார் என்று ஹெர்ஸாக் தீர்மானித்துக்கொண்டார். நவம்பர் 23-ல் கிளம்பி டிசம்பர் 14-ல் போய்ச் சேர்ந்தார். பனி, மழை, புது பூட்ஸ் கடித்த கால், பூட்டிக் கிடந்த வீடுகளை உடைத்து நுழைந்து தூங்கிய இரவுகள் – இந்தக் குறிப்புகள் 1978-ல் புத்தகமாக வந்தன. ஐஸ்னர் 1983 வரை உயிரோடிருந்தார். ஒரு விமர்சகர் பிழைக்கவேண்டும் என்று ஒரு சினிமாக்காரர் இருபத்திரண்டு நாள் நடப்பது நம் ஊரில் கற்பனைக்கும் எட்டாத விஷயம். அது கிடக்கட்டும். நெடுநடைக்காரருக்கு முருகனும் இல்லை, ஐஸ்னரும் இல்லை. இரண்டு ஊர்ப் பெயர்களும் நடுவில் ஒரு எண்ணும்தான் இருக்கின்றன. போய்ச் சேராவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்படியிருந்தும் அவர் நேர்த்திக்கடன் செலுத்துகிறவர் போலவே நடக்கிறார்.

நாம் செய்யுளின் வரியை அடி என்கிறோம். எழுத்தின் போக்கை நடை என்கிறோம். யாப்பு என்றால் கட்டுதல். எழுத்தைக் காலோடும் கட்டோடும் சேர்த்து நினைத்தவர்கள் செய்த சொற்கள் இவை. சொல் விளையாட்டுக்காக இதை இழுக்கவில்லை. நாலு சீரில்தான் அடி முடியவேண்டும் என்று உலக நியதி எதுவும் கிடையாது. ஒருவன் அதை ஏற்றுக்கொள்கிறான். ஏற்றுக்கொண்டதால், தன் போக்கில் விட்டிருந்தால் போயிருக்க மாட்டாத இடத்துக்குப் போகிறான். புதுக்கவிதை வந்தபோது கட்டு அறுந்தது என்று கொண்டாடினார்கள், ஒப்பாரியும் வைத்தார்கள். தேறியவர்கள் யார் என்று இப்போது திரும்பிப் பார்த்தால், பழைய கட்டை அவிழ்த்த கையோடு தனக்கென்று ஒன்றை, அதைவிடக் கறாரான ஒன்றை, போட்டுக்கொண்டவர்கள். மற்றவர்கள் அவிழ்த்துப்போட்டதோடு சரி. நெடுநடையிலும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: இது யார் கட்டிய கட்டு?

இன்று மொட்டைமாடியில் எட்டு போட்டு நடக்கிறவர்களின் கைக்கடிகாரம் ஒரு நாளைக்கு 10,000 அடி கேட்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது? 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயர் மான்போ-கேய். பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். வியாபாரப் பெயராக வந்த எண் இன்று உலகத்தின் மனசாட்சியாக உட்கார்ந்திருக்கிறது. இதற்குப் பக்கத்தில் மறுபடி டி க்வின்ஸியை வைத்துப் பார்க்கலாம். 1843-ல், அபினிப் பழக்கத்தோடு மல்லுக்கு நின்ற நாட்களில், ஸ்காட்லாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் 44 கஜம் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தை அளந்துகொண்டார். நாற்பது சுற்று சுற்றினால் ஒரு மைல். தொண்ணூறு நாளில் ஆயிரம் மைல் நடந்து முடித்தார். மலை இல்லை, காட்சி இல்லை, சத்திரம் இல்லை. ஹாஸ்லிட்டின் அளவுகோலில் இது நடையே இல்லை. மொட்டைமாடி எட்டுக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமும் இல்லை. ஆனால் ஆயிரம் என்ற எண் அவர் கட்டியது. அதை அறுத்துக்கொண்டால் எங்கே போய் விழுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நெடுநடையின் எழுத்தாளராக நான் முன்வைக்க விரும்புவது இலக்கிய வரலாறுகளில் இடம்பெறாத ஒருவரை. ஆல்ஃபிரட் வெயின்ரைட். 1907-ல் லங்காஷயரில் பஞ்சாலை ஊரான பிளாக்பர்னில் ஒரு கல்தச்சருக்குப் பிறந்தவர். நகராட்சி அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, கணக்குப் பரீட்சைகள் எழுதி, 1948-ல் கெண்டல் நகராட்சியின் பொருளாளர் ஆனவர். 1952 நவம்பரில் ஒரு இரவு வீட்டில் உட்கார்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஏரிப் பிரதேசத்தின் 214 மலைகள், ஏழு புத்தகங்கள், பதின்மூன்று வருஷம். வார இறுதியில் பஸ் பிடித்துப் போய் மலை ஏறுவது, மற்ற நாட்களில் ஆபீஸ் முடிந்து வந்து பேனாவால் எழுதுவது. படங்கள், வரைபடங்கள் மட்டுமல்ல, ஒவ்வொரு எழுத்தும் கையெழுத்து. அச்சுக் கோக்கவே இல்லை. அவர் எழுதிய பக்கம் அப்படியே பிளாக் ஆனது. முதல் நூறு பக்கங்கள் போல ஆனபிறகு, வரிகளின் வலது ஓரம் நேராக நிற்கவில்லையென்று அத்தனையையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். முதல் புத்தகம் 1955-ல் வந்தது, ஏழாவது 1966-ல்.

இது குமாஸ்தா புத்தி, கலையில்லை என்று சொல்லக்கூடியவர்களை எனக்குத் தெரியும். நூறு பக்கத்தை ஓரம் சரியில்லையென்று தூக்கிப்போடுகிற குமாஸ்தாவை நான் இதுவரை பார்த்ததில்லை. அவருடைய பக்கங்களில் மலை தரிசனமாக வருவதில்லை. இந்த வேலியைத் தாண்டினால் சதுப்பு, இந்தப் பாறைக்கு இடப்பக்கம் போனால் வழி தவறும், இத்தனை அடி உயரம், இவ்வளவு மைல். நடுவில் திடீரென்று ஒரு சிடுசிடுப்பு, ஒரு சிரிப்பு. சில படங்களில் அவரே இருக்கிறார், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வர்ணனை குறையக் குறைய இடம் துலங்குகிறது. சொந்த அனுபவத்தைப் பிழிந்து வடிப்பதுதான் எழுத்து என்று நம்பும் நம்மவர்கள் இந்தப் பக்கங்களைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1968-ல் அவர் பென்னைன் வே என்ற 268 மைல் பாதைக்கு ஒரு புத்தகம் எழுதினார். பாதை தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வரைபடத்தில் வடக்கு மேலே. ஆகவே புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு பக்கத்தையும் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு, முதல் பக்கத்துக்கு வந்து முடிக்கவேண்டும். சோதனை முயற்சி என்று எந்த அறிவிப்பும் இல்லை. கால் போகிற திசையில் கண்ணும் போகவேண்டும், அவ்வளவுதான். உருவம் பற்றி வருஷக்கணக்கில் சண்டை போட்ட சிறுபத்திரிகைகளில் இதற்கு இணையான எளிமையோடு உருவப் பிரச்னையைத் தீர்த்த உதாரணம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தப் பாதையை முழுவதும் நடந்து முடிக்கிறவர்கள் எல்லையிலுள்ள கர்க் யெட்டம் ஊர் ஹோட்டலில் தன் கணக்கில் ஒரு பானம் குடிக்கலாம் என்றும் அறிவித்தார். 1991-ல் அவர் சாகும்வரை இந்தப் பற்று எழுதப்பட்டு வந்தது. நடந்ததற்குச் சாட்சி கிடையாது. நடந்தவரின் வார்த்தைதான்.

அந்தப் பாதை சும்மா கிடைத்ததல்ல. மலைமேட்டு நிலங்கள் வேட்டைக்காரப் பிரபுக்கள் கையில் இருந்தன. 1932 ஏப்ரல் 24-ல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கின்டர் ஸ்கௌட் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1935-ல் டாம் ஸ்டீவன்ஸன் என்ற பத்திரிகையாளர் இப்படி ஒரு நெடும்பாதை வேண்டுமென்று எழுதினார். பாதை திறக்க 1965 ஆயிற்று. பிறகு, வந்த கால்களின் கூட்டத்தில் மேட்டின் கரிமண் கரைந்து சேறாகிவிட்டது. அதற்குப் பலகைக்கற்கள் பாவினார்கள். அவற்றில் பல, இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தரைக்கற்கள். எந்தத் தரையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தப்ப வேண்டுமென்று தாத்தா மேட்டுக்கு ஓடினாரோ, அந்தத் தரைமேல்தான் பேரன் இன்று மேட்டில் நடக்கிறான்.

வெயின்ரைட்டுக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு ஒரு வழியைத் தானே கோத்து 1973-ல் புத்தகமாக்கினார். அதில் அவர் வற்புறுத்திச் சொன்ன விஷயம், இதைப் பின்பற்றாதீர்கள், வரைபடத்தை விரித்து உங்கள் வழியை நீங்களே போடுங்கள் என்பது. யாரும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அவர் வழியில், அவர் நிறுத்தங்களில் நின்று நடக்கிறார்கள். அதைத் தேசியப் பாதையாக்க 2022-ல் அரசாங்கமும் சம்மதித்தது. ஒருவர் தனக்கென்று கட்டியது மற்றவர்களுக்குப் பாவினமாகிவிட்டது. வெண்பா எழுதத் தெரிந்ததால் கவிஞன் என்கிறவர்கள் நமக்கும் புதிதல்ல.

இந்த இடத்தில் விலையையும் சொல்லவேண்டும். இப்படி ஒரு கட்டைப் போட்டுக்கொண்டவர் ஏற்கெனவே வேறு கட்டுகளில் இருந்தவர். பதின்மூன்று வருஷ வார இறுதிகளும் மாலைகளும் யாருடையவை? அவருடைய மனைவி ரூத், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர், 1967-ல் வெயின்ரைட் ஓய்வு பெறும் தறுவாயில் வீட்டை விட்டுப் போய்விட்டார். அந்த ஏழு புத்தகங்களை எடுத்துப் படிக்கும்போது, கோடுகளின் நிதானத்துக்குப் பின்னால் பேச்சற்ற ஒரு வீடு இருந்தது என்பதை நான் மறப்பதில்லை. கலை பெரிது, குடும்பம் சிறிது என்று இதற்கு வியாக்கியானம் சொல்லிவிடலாம். சொல்கிறவர்கள் எப்போதும் கிளம்பிப் போனவர்கள். அடுப்படியில் நின்றவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுப்படியில் நின்றவர் கிளம்பியதும் உண்டு. எம்மா கேட்வுட், அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக்காரர். பதினோரு குழந்தைகள் பெற்றவர். கட்டியவன் கையால் பல வருஷம் அடி வாங்கி, கடைசியில் விவாகரத்து செய்தவர். அப்பலேச்சியன் பாதையை நடக்க 1954-ல் ஒரு முறை முயன்று திரும்பினார். 1955-ல் தன் 67-ஆவது வயதில், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்ற அளவில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை இரண்டாயிரம் மைலுக்கு மேல் ஐந்து மாதத்துக்குள் தனியாக நடந்தார். தானே தைத்த ஒரு துணிப்பை, கான்வாஸ் ஷூ, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. புத்தகம் எதுவும் எழுதவில்லை. அந்த அம்மாளை விடுதலையின் சின்னமாக்கிப் பிறர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பிறர் கட்டிய கட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர், முதல்முறையாகத் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டார். ஒரு முறை அறுந்ததை மறு வருஷம் மறுபடி முடிந்தார். அடுத்து 1957-ல் அதே பாதையை இன்னொரு தடவை நடந்தார் என்பதை விடுதலை என்ற சொல்லால் விளக்கவே முடியாது.

அப்படியானால் போய்ச் சேர்வதுதான் எல்லாமா என்று கேட்கலாம். 1790-ல், கேம்பிரிட்ஜில் கடைசிப் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய விடுமுறையில், இருபது வயது வொர்ட்ஸ்வொர்த் நண்பர் ராபர்ட் ஜோன்ஸோடு பிரான்ஸைக் குறுக்கே கடந்து ஆல்ப்ஸுக்கு நடந்தார். பையன்களின் லட்சியம் ஆல்ப்ஸைத் தாண்டுவது. ஸிம்ப்ளான் கணவாயில் வழி தவறி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது எதிர்ப்பட்ட ஒரு குடியானவரை விசாரித்தார்கள். இனி இறக்கம்தான் என்றார் அவர். ஆல்ப்ஸை ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது, தாண்டியது தெரியவில்லை. லட்சியம் நிறைவேறிய கணம் கையில் அகப்படாமலே போய்விட்டது. அந்த ஏமாற்றம் கவிதையாக மாறச் சுமார் பதினான்கு வருஷம் பிடித்தது. கவிஞர் இறந்தபிறகு, 1850-ல்தான் அச்சில் வந்தது. தாண்டவேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவன் அங்கே போயிருக்கவே மாட்டான். தாண்டிவிட்டோம் என்று கொக்கரிக்கிறவனாக இருந்தால் கவிதை கிடைத்திருக்காது.

அந்தக் கவிதையை எழுதிய காலத்தில் அவர் குடியிருந்த கிராஸ்மியர் ஊருக்கு மேலே ஹெல்ம் கிராக் என்ற குன்று நிற்கிறது. உயரம் 1,300 அடியை ஒட்டித்தான். ஆனால் அதன் உச்சி ஒரு செங்குத்தான பாறை. அதன்மேல் ஏற வெயின்ரைட்டுக்குத் துணிவு வரவில்லை. 1958-ல் வந்த மூன்றாம் புத்தகத்தில், அந்தக் குன்றுக்கான பக்கங்களில், ஒரு சிறு இடத்தைக் காலியாக விட்டார். தான் ஏறி முடித்ததும் அந்தச் செய்தியைப் பின்வரும் பதிப்பில் அங்கே போட்டுக்கொள்வதற்கு. 214 மலைகளை எண்ணி எழுதிய ஒரு பொருளாளர், ஏறாத ஒரு பாறைக்குப் பொய் வரவு வைக்காமல் பதிவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார். அவர் இறக்கும்வரை அந்த இடம் நிரப்பப்படவில்லை. நெடுநடையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் ஹாஸ்லிட்டை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பக்கத்தைப் பார்க்கட்டும்.